உறையாத ரத்தம்

முருகையா கடித்த மரவள்ளிக் கிழங்கு சிவந்திருப்பதைப் பார்த்ததும் பஞ்சாலை அவன் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் புருஷனோ எதுவும் நடக்காதது போல மென்றுகொண்டிருந்தான். பசி அப்படி. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் ரப்பர் தோட்டத்தில் யாருக்குத்தான் பசியில்லை?

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி தோட்டத்துக்குள் வந்த நாளிலிருந்து அவன் புக்கிட் பெலண்டோக் சதுப்பை ஒட்டிய புதரில்தான் ஒளிந்து கிடந்தான். முன்னால் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. முந்தின நாள் இருட்டோடு சேற்றில் இறங்கியபோது காலில் அட்டைகள் கடித்ததாகச் சொன்னான். பிடுங்கிப் போட்ட பிறகும் ஓரிடத்தில் மட்டும் ரத்தம் நிற்கவில்லை. அட்டைக்கடிக்குத் தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். புகையிலையை மென்று அப்பித் துணியால் கட்டினாள். கால் வீங்கி வலித்தபோது முள் குத்தியிருக்கும் என்று இருவரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்களுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்!

ஈறில் ரத்தம் கண்ட பிறகு பஞ்சாலை தனியாக ஓடியபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் சிவானந்தன் மட்டும் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சரியான சிடுமூஞ்சி. வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போன பிறகு தோட்டத்து உயிர்களெல்லாம் அவர் தலையில்தான். பஞ்சாலை சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அட்டை கடிச்சு வாயால ரத்தம் வருமோ? அது விரியன் பாம்பு, பிள்ளை. அதின்ர விஷம் ரத்தத்தை உறைய விடாது. உள்ளுக்குள்ள எங்கையும் கசிஞ்சால் ஆள் முடிஞ்சுது. கெதியா இஞ்ச கொண்டு வா."

"மருந்த எடுத்துக்கிட்டு நீங்க அங்க வரக்கூடாதாங்கய்யா? இங்க வந்தா புடிச்சிட்டுப் போயிருவானுங்க."

"ஊசி போட்டாப் பிறகு சில பேருக்கு மூச்சடைக்கும். பக்கத்தில இருந்து பாக்கவேணும். சேத்துக்குள்ள வைச்சு நான் என்னத்தைச் செய்ய?"

லாரி ஏறினால் திரும்பமாட்டான். புதரில் விட்டால் பொழுது விடியும்வரை தாங்கமாட்டான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரப்பர் நிரைகளுக்கு நடுவே இழுத்து வந்தாள். மழை தூறியதால் வெளியில் ஆள் நடமாட்டம் இல்லை.

டிரஸ்ஸர் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னலோரம் நிறுத்தினார். வெகுநேரம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. மண்பானைத் தண்ணீருக்குள் ஒளித்து வைத்திருந்த சின்ன மருந்துப் புட்டியை வெளியே எடுத்தார்.

"இது ஒண்டுதான் மிச்சம். சண்டைக்கு முன்னம் சயாமில இருந்து வந்தது. கேக்குமோ தெரியாது."

"சயாமா?" பஞ்சாலைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஊசி மெல்ல இறங்கியது. முருகையாவின் உடம்பு தூக்கிப்போட்டது. மூச்சு இழுத்து இழுத்து வந்து, பிறகு சீரானது. விடிந்ததும் டிரஸ்ஸர் இன்னொரு குழாயில் ரத்தம் எடுத்தார். பஞ்சாலை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சாய்த்தார். அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் அசையவில்லை.

"உறைஞ்சிட்டுது."

அவளுக்குப் போன உயிர் வந்தது. புருஷனின் முகத்தைக் கழுவி, காய்ந்த ரத்தத்தையெல்லாம் துடைத்தாள். அப்போதுதான் லாரி சத்தம் கேட்டது.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒரு ஜப்பான் சிப்பாயைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துகொண்டிருந்தான். அந்த ஆளுக்கு மட்டும் எல்லாம் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ! கட்டிலில் முருகையா முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தான். வீங்கிய கால் போர்வைக்குள் இருந்தது. பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பஞ்சாலை அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

ஜன்னலோரத்தில் முதல் குழாய் அப்படியே இருந்தது. சிவப்பு அடியில் தங்கியிருந்தது, மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது. பாய்ந்து எடுத்துக் குலுக்கினாள். இன்னும் உறையவில்லை. முருகையாவின் வாயில் ஊற்றினாள்.

"முழுங்கிடாதீங்க. வழிய விடுங்க."

"டேய், ஆளு நல்லாத்தானடா இருக்கே! எந்திரி!" என்று மண்டோர் வாசலிலேயே கத்தினான்.

முருகையா இருமினான். மோவாயிலிருந்து நெஞ்சுவரை ரத்தம் ஒழுகியது. சிப்பாய் சட்டென்று பின்வாங்கி, சட்டைக்கையால் மூக்கைப் பொத்தினான். அதுவரை பொய் சொல்லி யாரும் கேட்டிராத டிரஸ்ஸர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல், இது காசநோய், கிட்டே போனால் தொற்றும் என்று மலாயில் சொன்னார். சிப்பாய் மண்டோரின் கன்னத்தில் ஓர் அறை விட்டு வெளியே போனான்.

லாரி சத்தம் தேய்ந்தது. டிரஸ்ஸர் காலிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"திரும்பவும் வருவாங்கள், பிள்ளை. இனி இவன்ர ரத்தம் ஓடாதே. அப்ப என்ன செய்வாய்?"

"ஓடாம இருக்கத்தானங்கய்யா இங்க கொண்டாந்தேன்," என்றாள் பஞ்சாலை.

முந்தானையால் புருஷனின் வாயைத் துடைத்தாள். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். ரத்தம் வரவில்லை.