அம்புக்குறி இல்லாத கோடுகள்

இது துர்கா பூஜைக்கு முந்தின மாதம் நடந்ததா, பூஜை முடிந்த பிறகா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மழை பெய்ததாக ஒரு எண்ணம். அந்த மழையை நானே பிறகு சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கோணம் எழுபத்தைந்து பாகைதான், அதில் சந்தேகமில்லை.

சிபி ஈரோட்டுக்காரன், வேலைக்காகக் கொல்கத்தா வந்தவன். பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்த அந்தச் சிறு நிறுவனம், பிள்ளைகள் கைபேசியில் போட்டுப் பழகும் கணக்குகளைப் பல மொழிகளில் தயாரித்தது. தமிழுக்கு இரண்டே பேர், சிபியும் யசோதாவும். யசோதாவின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அதே ஊரின் பெஹாலா பகுதியில். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

அவன் வந்த அன்றைக்கே அவனைக் கூப்பிட்டாள். அது அவன் காதில் ‘சிபிடா’ என்று விழுந்தது. ஈரோட்டில் எந்தப் பெண்ணும் அவனை டா போட்டதில்லை. இரண்டு நாள் அதையே ஆசையோடு மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது ‘சிபிதா’ என்பதும், வங்காளத்தில் ‘தா’ என்றால் அண்ணன் என்பதும் டீக்கடையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஆசையை அங்கேயே மடித்து வைத்தான். வைத்த ஆசை வைத்த இடத்தில் கிடக்கவில்லை.

ஒருநாள் இணைகோடுகள் பாடம் வந்தது. அவள் திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

“ஒன்றுவிட்ட கோணங்கள்... ஆரே பாபா! எங்கம்மா ஒண்ணுவிட்ட சித்தப்பான்னுதான் சொல்வா. கோணத்துக்குமா சொந்தக்காரா உண்டு, சிபிதா?”

“எங்கூர்ல எல்லாத்துக்கும் சொந்தம் உண்டுங்க.”

“அப்போ நான் உங்களுக்கு என்ன முறை?”

“அதத்தான் நீங்களே தினமும் கூப்பிடறீங்களே” என்றான் சிபி.

அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். பிறகு திரைக்குத் திரும்பினாள்.

அடுத்த கணக்கில் இரண்டு கோடுகள். இடையில் ஒரு முனை, அங்கே முறிந்து திரும்பும் ஒரு கோடு. மேலே நாற்பது பாகை, கீழே முப்பத்தைந்து, முனையில் x. முனை வழியாக மூன்றாவதாக ஓர் இணைகோடு வரைந்தால் போதும். நாற்பது ஒரு பக்கம் வந்து உட்காரும், முப்பத்தைந்து மறுபக்கம். சிபி எழுபத்தைந்து என்று விடை போட்டான்.

“போடாதீங்க” என்றாள் யசோதா. “அம்புக்குறி எங்கே?”

படம் வரைந்தவர் கோடுகளின் மேல் இணை என்று காட்டும் அம்புகளைப் போடாமல் விட்டிருந்தார்.

“பாத்தாலே இணைன்னு தெரியுதுங்களே.”

“தெரியறது வேற, கொடுக்கறது வேற. கொடுக்காததை நாமா எடுத்துக்கக் கூடாது.”

அவள் கணக்கைத்தான் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் அவளுடைய வளையல் மேசையில் படும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பது அவனுக்கு நாளுக்கு நாள் கடினமாயிற்று. சென்னைக் கிளைக்கு மாற்றல் கேட்டான். உடனே கிடைத்துவிட்டது.

கிளம்புகிற வாரத்தில், வங்காளப் பிரிவு மஹிமா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளை அதே மாடியில் வேலை பார்த்த சைதன்யா.

“சைதன்யதா, எல்லாருக்கும் சந்தேஷ் குடு!” என்று இனிப்புப் பெட்டியைக் கொடுத்து அவனை விரட்டினாள்.

சிபி பத்திரிகையிலிருந்து நிமிர்ந்தான். “அவரை அண்ணன்னு கூப்பிட்டுட்டு...?” என்று இந்தியில் இழுத்தான். மாடியே சிரித்தது.

“வயசுல பெரியவனை வெறும் பேர் சொல்லியா கூப்பிடுவாங்க? எங்கம்மாவும் எங்கப்பாவை அப்படித்தான் கூப்பிட்டாங்க, கல்யாணம் வரைக்கும்” என்றாள் மஹிமா.

யசோதா சிரிக்கவில்லை. சந்தேஷைப் பிட்டுப் பிட்டுக் காகிதத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தான்.

“யசோதா, அந்த ‘தா’வுக்கு நான் வேற அர்த்தம் பண்ணிக்கிட்டேனுங்க.”

“இன்னிக்குத்தான் எனக்கும் புரிஞ்சது” என்றாள். “ஜாம்ஷெட்பூர்ல அப்பா ஒரு வரன் பேசி முடிச்சுட்டா. போன மாசம் சரின்னுட்டேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என்ன முறைன்னு கேட்டேனே. அதுக்கு மேல ஒரு பொண்ணு எப்படிக் கேப்பா? நான் எல்லாத்தையும் கொடுத்துட்டேன்னுதான் நெனச்சிண்டிருந்தேன்.”

“கொடுக்காததை எடுத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே...”

“ஐயோ, அது கணக்கு, சிபிதா” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பெஹாலா பஸ் வந்தது. ஏறியவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. கூட்டத்துக்குள் அவள் எங்கே நிற்கிறாள் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

யசோதா ஜாம்ஷெட்பூரில் இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை. மஹிமாவும் சைதன்யாவும் அலிப்பூருக்குக் குடிபோனார்கள், அவள் இன்னும் ‘தா’ என்றுதான் கூப்பிடுகிறாளாம். பவானிபூர் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். சிபி சென்னையில் அதே வேலை பார்க்கிறான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படங்கள் வந்தால் முதலில் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்கிறான்.