சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்

"உம் புள்ளைய அந்த டீச்சரு செவுத்தப் பாத்து உக்கார வெச்சிக்கிறா பிரமிளா. எங்கண்ணால பாத்தேன். மத்த புள்ளைங்க எல்லாம் பாடிக்கினு கீது, இவன் மட்டும் தனியா."

பக்கத்து வீட்டுச் செங்கம்மா இதைச் சொன்னபோது பிரமிளா விசைத்தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். தறிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியைச் செங்கம்மாவின் உதட்டையும் கையையும் பார்த்தே புரிந்துகொண்டாள். ஆந்திர எல்லையிலிருக்கும் நாராயணவனத்தில் தறி ஓடுகிற வீடுகளில் பேச்சு அப்படித்தான்.

அவளுக்கு ஏற்கனவே உறுத்தல் இருந்தது. யஸ்வந்துக்கு நான்கு வயது. அங்கன்வாடியில் சேர்த்துப் பல மாதமாகியும் ஒரு பாட்டு வாயில் வரவில்லை. வீட்டிலும் ஒன்றிரண்டு சொல்தான். "தறி வூட்டுப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று அவள் புருஷன் சம்பத் சொல்லிவிட்டான். இப்போது வேறு காரணம் தெரிந்ததுபோல் இருந்தது. வாய்பேசாத பிள்ளை, என்ன செய்தாலும் வீட்டில் வந்து சொல்லப் போவதில்லை என்று டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனாள். அங்கன்வாடியின் பின்பக்க ஜன்னலில் ஒட்டி நின்று பார்த்தாள். யஸ்வந்த் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், தலைக்குப் பக்கத்தில், ரத்னம்மா டீச்சர் ஒரு தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிரமிளா உள்ளே பாய்ந்தாள். "இன்னா டீச்சர் பண்றே எம் புள்ளைய?"

ரத்னம்மா திடுக்கிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். தெலுங்குக்காரி, தமிழைத் தட்டித் தடுமாறித்தான் பேசுவாள். "நானே உன்ன வரச் சொல்லணும்னு இருந்தேன்மா. இவனுக்கு வினபடலேது. காது கேக்கல."

"காது கேக்காமத்தான் நான் கூப்ட்டா ஓடி வர்றானா?"

டீச்சர் பிரமிளாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "வீட்ல யாராச்சும் இவன காதுமேல அடிச்சாங்களா? நிஜம் சொல்லு."

பிரமிளா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

சம்பத் கேட்டதும் கொதித்தான். "செவுடுன்னு பேரு வெச்சி அனுப்பிட்டா அவளுக்கு வேல கம்மி. நம்ம மேலயே பழியப் போட்றா பாரு." யஸ்வந்த் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தபோது ஒரு வெண்கலக் குடத்தைத் தரையில் போட்டான். பிள்ளை சட்டென்று திரும்பினான். "பாத்தியா?" என்றான் சம்பத். அத்தோடு அங்கன்வாடி நின்றது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் நின்று தெருவே அமைதியானது. சம்பத் சாப்பிட்டுவிட்டு வெளியே போயிருந்தான். யஸ்வந்த் காலியான நூல் கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான், முதுகைக் காட்டியபடி.

"யஸ்வந்த்" என்றாள் பிரமிளா. அவன் திரும்பவில்லை.

விளையாட்டு மும்முரம் என்று நினைத்தாள். குரலை உயர்த்தினாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினாள். பிறகு கத்தினாள். பக்கத்து வீட்டிலிருந்து செங்கம்மா, "இன்னாமே ஆச்சு?" என்று குரல் கொடுத்தாள். பிள்ளை கட்டையின்மேல் கட்டை வைத்துக்கொண்டே இருந்தான்.

அப்போது கரண்ட் வந்தது. பக்கத்து வீட்டுத் தறி ஓடத் தொடங்கியதும் யஸ்வந்த் உள்ளங்கையைத் தரையில் பதித்துச் சிரித்தான். குடம் விழுந்த அன்றும் அவன் தரையின் அதிர்வில்தான் திரும்பினான் என்று பிரமிளாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே ஓடி வந்திருக்கிறான்.

அங்கன்வாடிக்குப் போனபோதும் அவள் மனம் முழுக்க இறங்கவில்லை. "காது போனதுக்கு நீ காரணமா இருந்தா சும்மா வுட மாட்டேன்" என்றாள் வாசலிலேயே.

"அதே மாட்ட, அதே பேச்சு, நானும் உன்கிட்ட சொல்லணும்" என்றாள் ரத்னம்மா. "ரேப்பு, நாளைக்கு, திருப்பதி போலாம். ரெண்டு பேரும் போலாம். டாக்டர் சொல்லட்டும்."

பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். யஸ்வந்த் நடுவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். பெரிய ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பரிசோதித்துவிட்டு வந்த டாக்டரம்மாவிடம் இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்: "அடிச்சதால வந்ததா?"

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடிபட்ட அடையாளம் எதுவும் இல்ல. பிறவியிலேயே ரெண்டு காதுலயும் கேக்கறது ரொம்பக் கம்மி. காதுல மெஷின் வெச்சா கேக்கும். ஆனா வெச்சதோட விடக்கூடாது, தினமும் பேசிப் பேசிப் பழக்கணும். இன்னும் முன்னாடியே வந்திருக்கணும். இப்பவாவது வந்தீங்களே."

வெளியே மரத்தடியில் ரத்னம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிரமிளா வாங்கிக்கொண்டாள்.

"நீ அடிக்கிறவள்னு நெனச்சேன்மா" என்றாள் டீச்சர்.

"நானும் உன்ன அப்டித்தான் நெனச்சேன்." பிரமிளா தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

மெஷின் வந்த முதல் நாள் யஸ்வந்த் தறிச் சத்தத்தில் அலறி, அதைப் பிடுங்கி எறிந்தான். சம்பத் ஓடிப்போய்த் தறியை நிறுத்தினான். அன்றிலிருந்து பிள்ளை வீட்டிலிருக்கும் நேரத்தில் அவன் தறி ஓட்டுவதில்லை. காலையில் அங்கன்வாடியில் ரத்னம்மா யஸ்வந்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். செங்கம்மா மட்டும் விடவில்லை. "அந்த மெஷின்ல கரண்டு கீது, மூளைய உறிஞ்சிடும்னு சொல்றாங்கமே."

மழை வந்து நின்ற ஒரு சாயங்காலம், வாசலில் நின்ற ஆட்டைப் பார்த்து யஸ்வந்த் கையை நீட்டினான். "ரா" என்றான். பிறகு இன்னும் பலமாக, "ரா, ரா!"

சம்பத் மனைவியைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இன்னாடி இது, தெலுங்குல கூப்புட்றான்?"

"எதுல கூப்ட்டா இன்னா?" என்றாள் பிரமிளா. "ஆடு வருது பாரு."