மெத்தடிஸ்ட் கோயிலுக்கு மாதா வந்த கதை

வில்லியனூர் மெத்தடிஸ்ட் கோயிலில் மாதா சுரூபம் வைத்தது நான்தான். அவர்கள் மாதா வைப்பதில்லை என்று உறுவையாற்றுக் கொத்தனார் சுப்பராயலுவுக்கு, அதாவது எனக்கு, யாரும் சொல்லவில்லை. ஆண்டு விழாவுக்காக முன்சுவரைப் பூசக் கூப்பிட்டார்கள். வாசல் பக்கத்தில் கூர்வளைவோடு ஒரு மாடம் காலியாகக் கிடந்தது. பாவம், வசதியில்லை போல என்று நானே ஒரு சுரூபம் வாங்கி வைத்து, சீரியல் லைட்டும் போட்டுவிட்டேன்.

நிஜக் காரணம் லில்லி; அவளை அசத்தத்தான். பாஸ்டர் மகள், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிளான் வரைபவள். என்னைக் கட்டிக்கிறியா என்று எப்போது கேட்டாலும் கோயில் கதைக்குப் போய்விடுவாள்.

"இது மொதல்ல கீத்துக் கொட்டாய்தான், தெரியுமா?"

"அத்த வுடு லில்லி. கட்டிக்கிறியா?"

"தூணப் பாரு. கருங்கல்லு மாதிரி கோடு போட்டிருக்கு, உள்ள வெறும் செங்கல்லு. பட்டணத்துக் கோயிலப் பாத்துட்டு வந்து ஆசைப்பட்டுக் கட்டினாங்க. கோபுரம் பாதியிலயே நின்னுடுச்சு."

கோயில் வரலாறு எனக்கு மனப்பாடம். கல்யாணம்தான் அஸ்திவாரத்துக்கே வரவில்லை.

ஞாயிறு காலை பாஸ்டர் வந்தபோது வாசலில் ஒரே மெழுகுவத்தி. ஊரிலிருக்கும் பெரிய மாதா கோயிலுக்கு பஸ்ஸில் போக வேண்டியவர்கள் லைட்டைப் பார்த்து இங்கேயே இறங்கிவிட்டார்கள். ஏம்பலத்துக் கனகாம்பாள் புடவையே சாத்திவிட்டாள்.

"இன்னாப்பா இது, சுப்பராயலு?"

"மாதாங்க ஐயா. பெயிண்ட்டு கேரண்டி."

பாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பழையபடி ஆக்கிட்டுக் கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராத."

சுரூபத்தைக் கனகாம்பாள் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனாள். நான் மாடத்தில் ஒட்டியிருந்த என் சிமெண்டைக் கொத்தினேன். இனி லில்லியிடம் கதை கேட்கக்கூட வழியில்லை என்ற ஆத்திரத்தில் உளி ஆழமாக இறங்க, பின்னாலிருந்த செங்கற்கள் பொலபொலவென்று கோயிலுக்குள் விழுந்தன.

ஓட்டை வழியே லில்லி எட்டிப் பார்த்தாள். தலையெல்லாம் சுண்ணாம்பு.

"இது மாடம் இல்ல, மேஸ்திரி. ஜன்னலு. மழைத்தண்ணி வருதுன்னு அந்தக் காலத்துல அடைச்சிட்டாங்க."

"சரி, மறுபடி அடைச்சிட்டுக் கெளம்பறேன்."

"அப்பா சொன்னா வராமலே இருந்துடுவியா?"

"வந்து இன்னா பண்றது? தூணு கத கேக்கவா?"

அவளுக்குப் பின்னால் பாஸ்டர் வந்து நின்றார். நான் செங்கல்லை எடுத்து ஓட்டையில் வைத்தேன். அவள் அதை உள்ளேயிருந்து தள்ளினாள்.

"அடைக்காத."

"அப்போ சொல்லு. கட்டிக்கிறியா, இல்லியா?"

"கட்டிக்கிறேன். ஆனா வூட்டுக்குப் பிளான் நான்தான் போடுவேன். என்னக் கேக்காம செவுத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."