எட்டடி மண்ணுக்கு ஒரு மரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை; ஒட்டுக்கேட்டேன். பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஒரு நாற்றுக்கடைக்கு மிளகாய்க் கன்று வாங்கப் போயிருந்தேன். அங்கே ஓர் அம்மாள் கையில் அளவுநாடாவோடு, செடியை விட்டுவிட்டு அதற்கு மேலே இருந்த வெறுங்காற்றை அளந்துகொண்டிருந்தார். வந்த வேலையை மறந்து அவர் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

முதல் வரியாக எழுதியது: 'விதி அவளை ஒரு மரத்தின் வடிவில்...' விதிக்கு வேறு வேலை இல்லையா? அடித்துவிட்டேன். அடுத்து: 'லோகேஸ்வரியின் வாழ்க்கையில் பச்சை என்பது...' எனக்கே தாங்கவில்லை.

சாதாரணமாகவே தொடங்குகிறேன்.

2

லோகேஸ்வரிக்கு ஐம்பத்தேழு வயது. (பெயர் நான் வைத்தது. அந்த அம்மாளிடம் கேட்டால் முறைப்பார் போலிருந்தது.) முப்பது வருடம் தொழிற்சாலை வேலை, குடியிருந்ததெல்லாம் பதினேழாவது மாடி வாடகை வீடு. இப்போதுதான் ஜெலுத்தோங்கில் சொந்தமாக ஒரு தரைவீடு. வாசலில், கார் நிற்கும் சிமெண்டுத் தரைக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே எட்டடிக்கு எட்டடி மண்.

ஒரு மரம்தான் வைக்கலாம். கணவர் சிவநேசன், தலையளவு முள்பழம் உதிர்க்கும் டுரியான் என்றார். காலையில் கதவைத் திறந்தால் பழம் கிடக்கவேண்டுமாம். அது அவருடைய கார் மேல்தான் கிடக்கும் என்று லோகேஸ்வரி எடுத்துச் சொன்னதும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

(கதைக்கு டுரியான்தான் வசதி. விழும், உடையும், சண்டை வரும். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். லோகேஸ்வரி அதற்குள் வர மறுத்துவிட்டார்.)

ஏனென்றால் அவரிடம் ஏற்கெனவே ஒரு மரம் இருந்தது. பழைய பெயிண்ட் டின்னில், ஒன்பது வருடமாக இடுப்புக்கு மேல் வளராத வேம்பு. ஓர் ஆடி மாதத்தில் அதற்கு மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்துவிட்டார். அதோடு அது மரம் இல்லை, அம்மன். துணி கட்டிய வேம்பை வெட்டவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. போதாதென்று, பார்த்துவைத்திருந்த ஒரு வீடு கைநழுவிப்போன அன்று அதன் முன்னால் நின்று வாயை விட்டுவிட்டார்: சொந்த வீடு கிடைச்சா உன்னை என் மண்ணுல வைக்கிறேன்.

வீடு கிடைத்துவிட்டது. அம்மன் பேச்சு மாறவில்லை. இனி லோகேஸ்வரியின் முறை.

3

நாற்றுக்கடைக்காரர் நாகூர் மீரான் வரன் விசாரிப்பது போல விசாரித்தார். மின்கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது? சாயங்கால வெயில் எந்தப் பக்கம்? தண்ணீர்க் குழாய் எங்கே? மதிலுக்கு அந்தப் பக்கம் யார்? எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அக்கா, பையில நிக்கிற உயரத்தப் பாத்து மரம் வைக்காதீங்க. இருபது வருஷம் கழிச்சு நிக்கிற உயரத்தப் பாருங்க. வேம்பு உங்க கூரைய தாண்டிரும். வேரு போயி பக்கத்து வீட்டு லோங்காங்க ஒடச்சிரும்லா."

(லோங்காங் என்பது சாக்கடை. பினாங்கில் சாக்கடை என்று சொன்னால் யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள்.)

அவர் எடுத்துக் காட்டியது லீமாவ் காஸ்தூரி. ஆள் உயரத்தோடு நின்றுவிடும் குட்டி எலுமிச்சை. வேர் அடங்கி இருக்கும், வருடம் முழுக்கக் காய்க்கும். சரியான மரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லோகேஸ்வரிக்கும் இல்லை. அதுதான் தொல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ரொஸ்னா. புதுமனை புகுந்த அன்று பலகாரத் தட்டோடு முதலில் வந்தவர். முன்பு இருந்த வீட்டில் யாரோ வைத்த மாமரத்தின் வேர் சாக்கடையை உடைத்து, சமையலறையில் தண்ணீர் ஏறி, வழுக்கி விழுந்து கை முறிந்தவர். அந்தக் கை இன்னும் சரியாக மடங்காது. பெரிய மரம் மட்டும் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

4

முடிவு அ: எலுமிச்சையை நடுகிறார். வேம்பு டின்னிலேயே இருக்கிறது. எல்லோரும் நலம். லோகேஸ்வரி மட்டும் அந்த டின்னைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறார்.

முடிவு ஆ: வேம்பைத் தண்ணீர்மலைக்குக் கொண்டுபோய்க் கோயில் பக்கம் விட்டுவிட்டு... ஒன்பது வருடம் தினமும் பேசிய ஒருத்தியை அப்படி விட்டுவிட்டு வருவார்களா? எழுதிய எனக்கே வெட்கமாக இருந்தது.

முடிவு இ என்னுடையது இல்லை. லோகேஸ்வரியே ஒருநாள் மதிலோரம் நின்று கேட்டது.

"டின்னோட பொதச்சிட்டா?"

மண்ணில் வைத்தாயிற்று, வாக்கும் நின்றது. வேர் டின்னைத் தாண்டாது, மரம் இடுப்போடு நிற்கும். சிவநேசனுக்கு ஒரே சந்தோஷம். ரொஸ்னா மட்டும் டின் தாங்குமா என்று கேட்டார்.

"இரும்பு டின்னுலா," என்றார் லோகேஸ்வரி. அப்போது அவர் பொய் சொல்லவில்லை.

5

வெள்ளிக்கிழமை காலை. சிவநேசன் குழி வெட்டினார். ரொஸ்னா தன் வீட்டு ரப்பர் குழாயை மதிலுக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார், முறிந்த கையால்தான். டின்னை வேறு யாரும் தொடக்கூடாது என்று லோகேஸ்வரியே தூக்கினார். அடியில் இருந்த தட்டோடு அது ஒட்டிக்கிடந்தது. அசைத்து, திருகி, பிடுங்கி எடுத்து, அடியில் கை கொடுத்தார்.

இரும்பு இல்லை. துருவாய் உதிர்ந்துபோயிருந்தது. விரலில் பட்டதெல்லாம் வேர், ஈரமாக, கயிறு கயிறாக.

"என்ன, கனக்குதா?" என்றார் சிவநேசன்.

லோகேஸ்வரி மரத்தைப் பார்த்தார். மதிலுக்கு மேல் ரொஸ்னாவைப் பார்த்தார். (இங்கே நானே பேனாவை வைத்துவிட்டேன். 'உண்மையைச் சொல்லிவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதி அவர் வாயில் வைத்தேன். துப்பிவிட்டார்.)

"கனக்கல," என்றார். குழியில் இறக்கினார். தானே மண்ணைத் தள்ளி மூடினார். டின்னின் விளிம்பு மட்டும் நான்கு விரல் வெளியே தெரிந்தது. பார்த்தால் நல்ல இரும்பு. உள்ளங்கைத் துருவைப் புடவையின் உட்பக்கத்தில் துடைத்துக்கொண்டு, ரொஸ்னா நீட்டிய குழாயை வாங்கித் தண்ணீர் விட்டார்.

6

டின்னுக்கு அடி இல்லை என்பது மூன்று பேருக்குத் தெரியும்: அவருக்கு, எனக்கு, உங்களுக்கு. அம்மனைச் சேர்த்தால் நான்கு. ரொஸ்னாவிடம் சொல்லும் ஒரு காட்சியை எழுதிப் பார்த்தேன். வேம்பு வாடிப்போனது. சொல்லாத காட்சியையும் எழுதிப் பார்த்தேன். அதில் ரொஸ்னாவின் அந்தக் கை வலித்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன். நான் வாங்கப் போனது மிளகாய்க் கன்று. அதை வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன்.

ரொஸ்னா இன்னும் மதிலில்தான் சாய்ந்திருக்கிறார். "குட்டியா அழகா இருக்குலா," என்கிறார், உங்களைப் பார்த்து.