ஐந்து ஜாடி

பொழுது விடியுமுன்பே வாளிகள் தொட்டிக்கு வந்துவிடும். பனியில் சில்லிட்ட இரும்பு உள்ளங்கையைக் கடிக்கும். செங்கல்பட்டு ஏரிக்கரைப் பட்டறையில் நாங்கள் எட்டுப் பேர். உருகிய துத்தநாகத்தில் முக்குமுன் வாளியின் துருவைத் திராவகம் தின்றாக வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பிகள் குடைந்து கொடுத்த கல்தொட்டியில் அதைக் கலப்பது என் வேலை. முதலில் தண்ணீர், பிறகு மூன்று ஜாடி திராவகம். ஏழு வருடமாக அதே மூன்று.

வாளி கழுவும் முனியம்மாவின் தாய்வீடு கடற்கரையில். அங்கிருந்து நகம் அளவுக் கிளிஞ்சல்களை முந்தானையில் முடிந்து வருவாள். காலையில் தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் மொண்டு, அதில் ஒன்றைப் போட்டுவிட்டு வெற்றிலையை வாயில் அதக்குவாள். அவள் மென்று துப்பும்வரை கிளிஞ்சல் நுரைத்துக்கொண்டிருந்தால் தொட்டி சரி. எங்களுக்கு இருந்த சோதனைச்சாலை அதுதான்.

போன புதன்கிழமை அவள் ஊருக்குப் போயிருந்தாள். அன்று மாலை முதலாளி பட்டாபி மூக்கைத் துண்டால் பொத்தியபடி என்னிடம் வந்தார்.

“சர்க்கார் ஆர்டர், ஜானகிராமா. ஒரு வாளி அரைமணி ஊறினா நான் எப்போ கொடுக்கறது? அஞ்சு ஜாடியா ஊத்து. யாரண்டையும் சொல்லிண்டு நிக்காதே.”

ஊற்றினேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் துரு சீக்கிரம் போயிற்று. எல்லோரும் இருமினார்கள். வெயில் என்றார்கள், காற்றில்லை என்றார்கள். நான் காலி ஜாடிகளைக் கொட்டகைக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை, எங்களில் வாளி இறக்குபவனான திருவேங்கடம் ஒன்றைத் தொட்டியில் இறக்கினான். இறக்கியதும் குனிந்து வாளி தொங்கும் கொக்கியை நேர் செய்வது வழக்கம். மூன்று ஜாடித் தொட்டியில் நுரை மெல்லத்தான் கிளம்பும். குனிந்து நிமிர நேரம் இருக்கும். அவன் உடம்பு அந்தப் பழைய நேரத்தை நம்பிக் குனிந்தது. தொட்டி காத்திருக்கவில்லை. இரும்பு பட்டதுமே சீறிய நுரை அவன் வலக்கண்ணில் தெறித்தது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டான்: “அண்ணாத்த, குனிஞ்சது என் தப்பா?”

ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று போய் முடியும்வரை நின்றேன். பிறகு கிளம்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் சோற்றில் அந்தக் கேள்வி கிடந்தது.

திங்கள் காலை பட்டாபி எங்களைத் தொட்டியருகே நிறுத்தினார்.

“திருவேங்கடம் கண்ணுல பட்டது அவன் அஜாக்கிரதை. அவனுக்கு இனிமே இங்க வேலை இல்லே. வேற ஆள் வரான்.”

“பன்னெண்டு வருசமா குனிஞ்சி நிமுந்தவனுக்கு திடீர்னு அஜாக்கிரதையா?” என்றான் தனகோடி. துத்தநாகக் கொப்பரைக்காரன், நாக்கும் அதே சூடு. “எங்கேருந்து வந்துச்சி மொதலாளி, காலை பஸ்ஸுல எறங்குச்சா?”

யாரோ சிரித்தார்கள். பட்டாபி சிரிக்கவில்லை.

“தொட்டியில ஒரு மாத்தமும் இல்லே. போய் வேலையைப் பாருங்கோ.”

முனியம்மா விடிகாலைதான் ஊரிலிருந்து வந்திருந்தாள். பேசாமல் கிளாஸில் மொண்டு கிளிஞ்சலைப் போட்டாள். அது புஸ்ஸென்று பொங்கியது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி வாயில் வைத்து நாலு மெல்லு மெல்லுவதற்குள் கிளாஸில் ஒன்றுமில்லை.

“இன்னா மொதலாளி இது? என் வெத்தல இன்னும் செவக்கவே இல்ல, கிளிஞ்சல் பூட்ச்சே!”

“சின்னதாப் போட்டிருப்பே. கிளிஞ்சல் சாட்சி சொல்லி நான் பட்டறை நடத்தணுமா?”

முனியம்மா முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள். எல்லாம் ஒரே அளவு. அவர் பார்க்கவில்லை. கிளிஞ்சல்தானே என்ற அலட்சியம் முகத்தில் இருந்தது. அதற்கு வாயில்லை. எனக்கு இருந்தது.

“அஞ்சு ஜாடி,” என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“மூணு இல்ல. அஞ்சு. இவரு சொன்னாரு, நான் ஊத்தனேன். காலி ஜாடிங்க கொட்டாய்க்குப் பின்னால கீது, போய் எண்ணிக்கங்க.”

யாரும் எண்ணப் போகவில்லை. தனகோடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

“நாலு நாளா வாயில இன்னா வெச்சிகினு இருந்தே நீ?” என்றான்.

“நீயும் வெளியே போடா,” என்றார் பட்டாபி.

தனகோடி என்மேலிருந்த கண்ணை அவர் பக்கம் திருப்பினான். “அப்ப எட்டுப் பேருக்கும் சேத்துச் சொல்லு மொதலாளி.” கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டான். அடுத்த இடுக்கி விழுந்தது. அதற்கடுத்தது. கடைசியாக முனியம்மா கழுவிக்கொண்டிருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

“கிளிஞ்சல் பழையபடி நிக்கணும். திருவேங்கடம் இங்க வரணும். அதுவரைக்கும் தொட்டியில ஒரு வாளி எறங்காது.”

மத்தியானம் பட்டறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. போலீஸ் வரும் என்றார்கள். ஏழு பேரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். வழியில் என்னோடு யாரும் பேசவில்லை. என்னை விட்டுவிட்டும் போகவில்லை.

கட்டிலருகே நின்று, ஐந்து ஜாடியையும் சொன்னேன். “குனிஞ்சது உன் தப்பில்லடா. ஊத்துனவன் நான்.”

பட்டறை பூட்டிக் கிடப்பதையும் நாளை முதல் பட்டறை கேட்டில் உட்காரப் போவதையும் தனகோடி சொன்னான். திருவேங்கடம் கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தான். பிடி வலித்தது. விடவில்லை.

“நாளைக்கி எத்தினி மணிக்குக் கேட்டாண்ட குந்தப் போறீங்க?”

“விடியக்கால,” என்றான் தனகோடி.

“என்னையும் கூட்டிகினு போங்க. இன்னொரு கண்ணு நல்லாத்தானே கீது.”