தீர்த்தகிரி சொன்ன சேதி

எங்கள் அம்மா ஆராயி செத்து இந்த ஆடியோடு ஒரு வருஷம். பெற்ற பிள்ளைகளையும் வளர்த்தாள், அதுகளுடைய பிள்ளைகளையும் வளர்த்தாள் என்றுதான் ஊரில் அவளைப் பற்றிச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எனக்காக அவள் செய்த ஒரு காரியம் யாருக்கும் தெரியாது. எனக்கே பதினெட்டு வருஷமாகத் தெரியாது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. மானாவாரிக் காடு வரிசையாகப் பொய்த்துப் போனதால் நானும் என் வீட்டுக்காரர் பச்சமுத்துவும் அங்கே கூலிக்குப் போயிருந்தோம். மூத்தவன் செங்கோடனுக்கு நாலு வயசு. இளையது கைக்குழந்தை. எடப்பாடிப் பக்கம் என் தம்பி சின்னண்ணன் வீட்டில் இருந்த அம்மா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் குடிசைக்கு வந்துவிட்டாள். மகள் வீட்டில் போய் இருப்பதை எங்கள் பக்கம் மெச்சமாட்டார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் உச்சிவெயிலில் குழந்தையை இடுப்பிலும் கம்மங்கூழ்ச் சட்டியைத் தலையிலும் சுமந்து ஒன்றரை மைல் நடந்து வருவாள். நான் பால் கொடுத்து முடிக்கும்வரை முந்தானையை விரித்து எனக்கு மறைப்பாக நிற்பாள். காரைச் சட்டி சுமந்து என் உச்சந்தலை புண்ணாகியிருந்தது. அதற்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டுத்தான் திரும்புவாள்.

மாசி மாசத்தில் பச்சமுத்துவின் பாதத்தில் கல் விழுந்து நசுங்கிவிட்டது. அவர் படுத்த படுக்கையானார். அப்புறம் என் கூலி மட்டும்தான். மூன்று நாள் போகாவிட்டால் மேஸ்திரி பேரை வெட்டிவிடுவார்.

அந்தச் சமயத்தில் தம்பி ஊர் வண்டிக்காரர் தீர்த்தகிரி வேலை நடக்கிற இடத்துக்கே என்னைத் தேடி வந்தார். தம்பி பெண்டாட்டி செல்லாயிக்கு ஒன்பது மாசம், காலெல்லாம் வீங்கிக் கிடக்கிறாள், அம்மாவை உடனே அனுப்பச் சொன்னான் தம்பி என்றார். அம்மா எத்தனையோ பிரசவம் பார்த்தவள். நாளைக் காலையில் வண்டி திரும்புகிறது, அதிலேயே கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னார்.

நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் குடிசைக்குப் போனபோது அம்மா பச்சமுத்துவின் காலைக் கழுவிக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. இவள் போனால் நாளைக்கு யார் என்று நினைத்தேன். இன்னும் நாலு நாளில் இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன். காலையில் வண்டிக்காரரிடம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நாலு நாள் கழித்து வருவாள் என்றேன்.

ஆறாம் நாள் தீர்த்தகிரி நேராகக் குடிசைக்கே வந்தார். நானும் இருந்தேன். செல்லாயி போய்விட்டாள், பெண்குழந்தை மட்டும் பிழைத்திருக்கிறது என்றார். நீங்கள் அன்றைக்கே வந்திருந்தால் என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, வெளியே மாட்டைப் பார்க்கப் போனார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. மடியிலிருந்த குழந்தையை என் கையில் கொடுத்தாள். இரண்டு சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். நான் வேலைக்குப் போகவில்லை. பேரை வெட்டிவிட்டார்கள். அடுத்த மாசமே ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

செல்லாயியின் பிள்ளைக்கு மாரக்காள் என்று பேர் வைத்து, ஆட்டுப்பால் ஊற்றி அம்மாதான் வளர்த்தாள். சின்னண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொங்கல், தீபாவளி என்று நான் நோம்பி நாளுக்குப் போவேன். அம்மா எனக்குத் தலை சீவிவிடுவாள், நான் திரும்பும்போது ராகிமாவு கட்டிக்கொடுப்பாள். தம்பி என்னிடம் எப்போதும் போலப் பிரியமாக இருந்தான், வண்டி பூட்டி வீட்டிலேயே கொண்டுவந்து விடுவான். அம்மாவிடம்தான் அவன் பேசுவதில்லை. சோறு வேண்டுமென்றாலும் "அப்பாயிகிட்டச் சொல்லு" என்று குழந்தையிடம்தான் சொல்வான். பெண்டாட்டி போன துக்கம் அவனை அப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

சுதந்திரம் வந்த வருஷம் அம்மாவே பேச்செடுத்து மாரக்காளை என் மகன் செங்கோடனுக்குக் கட்டிவைத்தாள். மறுவருஷம் ஆடியில் படுத்துவிட்டாள். நான் போய்ப் பதினோரு நாள் உடனிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் யாரும் இல்லாதபோது, அம்மா, அந்த மேட்டூர்ச் சமாச்சாரம் என்று ஆரம்பித்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அத எடுக்காத சாமி. அந்தப் புள்ள உன்ற ஊட்டுல வாழோணும்."

அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒருநாள் மாரக்காளோடு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். பேச்சு அம்மாவிடம் போயிற்று. மாரக்காள் தலை நிமிராமலே சொன்னாள்.

"எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி சேதி வந்துச்சாமுங்க அத்த. அப்பாயிதான் ஒடம்பு சரியில்லைன்னு சொல்லச் சொல்லிட்டு, நாலு நாள் கழிச்சுப் போலாம்னு இருந்துட்டாங்களாம். அவங்களே அப்பாகிட்டச் சொல்லியிருக்காங்க. அதனாலதான் அப்பா கடைசி வரைக்கும் பேசல."

கையிலிருந்த கடலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். மாட்டுக்கொட்டகையில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற மகன் முகம் கொடுக்காமல் சோறு தின்றுவிட்டு எழுந்து போவதை அவள் பார்த்திருக்கிறாள். நான் நோம்பிக்குப் போய்க் கறிச்சோறு தின்று, தலை சீவிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எடுக்காதே என்று அவள் சொன்னதை மீறி, அடுத்த வாரம் தம்பியிடம் போனேன். அவன் கிணற்றடியில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எருதுகளை நிறுத்தினான். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

அவன் கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிட்டுச் சொன்னான். "அம்மா படுத்திருந்தப்ப கஞ்சி குடிச்சயான்னுகூட நான் கேக்கலையேக்கா."

அவ்வளவுதான். எருதுகளை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு வாய்க்கால் மேட்டில் போய் உட்கார்ந்தான். எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. அன்றைக்கு நடந்தே வீடு வந்தேன்.

மாரக்காளிடமும் அன்றே நானே சொன்னேன். அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் எழுந்து வேலையைப் பார்த்தாள். இப்போதும் எனக்கு வேளைக்குச் சோறு போடுகிறாள், ஒரு கடுஞ்சொல் கிடையாது. முன்போல என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் இல்லை.

தம்பியிடம் சொன்னது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உண்மை அவனுக்குத் தெரியவேண்டும் என்றுதான் போனேன். அம்மா உயிரோடு இருந்த பதினெட்டு வருஷத்தில் சொல்லியிருந்தால் அவன் அவளிடம் போயிருப்பான். இப்போது போக அவனுக்கு இடமில்லை. பொங்கலுக்கு மாரக்காள் மட்டும் போய்விட்டு வந்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்கறாருங்க" என்றாள்.