எக்ஸ்பிரஸ் நின்ற நாள்

தையல் கூடத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். கழிவறைக் கதவை ஒட்டியிருந்த மிஷினை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். புண்ணாகி ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த பெருங்குடலை டாக்டர்கள் மொத்தமாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மடித்து உள்ளேயே ஒரு பை தைத்து வைத்திருந்தார்கள். அதுவும் தையல் வேலைதான். ஆனால் சின்னப் பை, சீக்கிரம் நிரம்பிவிடும், எழுந்து ஓட வேண்டும். கூடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியாருக்குத்தான் மானம் போயிற்று. விருந்தாளி வந்திருக்கும்போது கழிவறையில் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

வயிற்றில் பிள்ளைக்கு ஏழு மாதம். அன்று காலை அவள் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"என்ன எக்ஸ்பிரஸ், நகரவே காணோம்?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"என் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை மாஸ்டர். உள்ள இருந்தே எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிடுச்சு."

பெருமையில் கால் தரையில் பாவவில்லை. வயிறு கல்லாக இறுகியதை, பிள்ளை புரள்கிறது என்று எடுத்துக்கொண்டாள். மதியம் வாந்தி எடுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

"காலைலேர்ந்து ஒரு தடவகூடப் போகலையா?" மாமியார் முகம் மலர்ந்தது. "இப்பதான்டி நீ மனுஷி மாதிரி இருக்க."

சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தாள், பச்சையாக வாந்திதான் வந்தது. அப்போதுதான் ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது: "அடிக்கடி போனா பயப்படாதீங்கம்மா. போகாம இருந்தா ஓடி வாங்க." எத்தனை வருஷமாக ஏங்கிய நிம்மதி! அதை வரம் என்று நினைத்துக் காலை முழுக்க உட்கார்ந்திருந்தாளே, பாவி.

பிள்ளை வளர வளரக் குடல் நகர்ந்து, பழைய ஆபரேஷன் உள்ளே விட்டிருந்த தழும்பில் மாட்டி அடைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது.

"குழந்தை நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா நாளைக் காலைக்குள்ள அடைப்பு தானா திறக்கலைன்னா வயித்தைத் திறக்கணும். குழந்தை இப்பவே பிறந்துடலாம். தாங்குமான்னு சொல்ல முடியாது."

மாமியார் விடிய விடியக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்திருந்தால் இவள் குழாயைப் பிடுங்கி எறிந்திருப்பாள்.

விடிந்த பிறகு வயிறு கடமுடா என்றது. மாமியார் ஒரு கையில் சலைன் கம்பியையும் மறு கையில் மருமகளையும் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு நடந்தாள். நடையெங்கும் பார்வையாளர் கூட்டம். இவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். சத்தம் சுவரைத் தாண்டியது.

"போகுதா?" கதவு தட்டப்பட்டது.

"போகுது அத்தை."

"சிஸ்டர்! என் மருமகளுக்குப் போகுது! நல்லாப் போகுது!" நடையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

உள்ளே அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அத்தை, மெதுவா. எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும்டி," என்றாள் மாமியார். "நல்லாக் கேக்கட்டும்."